செத்த பையன் முதல் ரீலில் சோறு தின்றான்

மாலை ஆறு ஐம்பதுக்கு, செத்துப்போயிருக்க வேண்டிய பையன் திரையில் மண்டியிட்டு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அக்கா அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவளுக்கு இரண்டு கைகளும் இருந்தன.

மைக் என் கையில் இருந்தது. ஊருக்கெல்லாம் நான் சொல்லிவைத்திருந்த கதையில் அவளுக்கு ஒரு கைதான். கொட்டும் பனியில், தம்பியின் சமாதி முன்னால், தனியாக நிற்பாள். அங்கே தொடங்கும் கதை, அந்தத் தம்பி உயிரோடு எழுந்துவந்து வீட்டில் சோறு தின்பதில் முடியும். பாகூர் ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாட்டுவண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, “செத்த தம்பியை மீட்டு வரும் ஒற்றைக்கை அக்கா! ஜப்பான் நாட்டுப் பாசக் காவியம்! தமிழ் விளக்கத்துடன்!” என்று தொண்டை கட்டும்வரை கத்தியிருந்தேன்.

தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் எழுந்தான்.

“டேய் ஆப்ரேட்டரு! கடசி ரீல மொதல்ல மாட்டிட்டியாடா? கண்ணு அவுஞ்சி பூடுச்சா?”

கொட்டகை முழுக்க விசில். ஒரு பிடி மணல் பறந்துபோய்த் திரையில் பட்டு உதிர்ந்தது.

டப்பிங் அறைக்கும் வீடியோ டெக்குக்கும் குரல் கொடுக்க வந்திருக்கிற தம்பி தங்கைகள், அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் பாய் என்று என்னைக் கேட்கிறீர்கள். மைக் பிடிப்பது, மூச்சு விடுவது, இதையெல்லாம் ஒரு வாரத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதைச் சொல்லப்போவதில்லை. இந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் சொல்கிறேன். என் தொழிலில் நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடியது இது.

எங்கள் கீற்றுக் கொட்டகை பாகூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி நடத்திவந்தவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. வெளிநாட்டுப் படம் வந்தால், ஆபரேட்டர் அறைக்குப் பக்கத்தில் நின்று, திரையில் நடப்பதை உடனுக்குடன் தமிழில் சொல்வது என் வேலை. படத்தின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கிற அளவுக்கு நான் பள்ளிக்கூடம் போனவன். எந்தப் படமானாலும் முதலில் புதுச்சேரி டவுனுக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் விளக்கம் எழுதுவேன். பார்க்காமல் எழுதியது அந்தப் படத்துக்கு மட்டுந்தான். காரணம் என் மகன் காதர்.

அவனுக்கு அப்போது ஏழு வயது. டைஃபாய்டு. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது வாரம். சோறு கண்ணிலேயே காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கடைசி இரண்டு நாளாக அவன் கண் திறக்கவில்லை. பினாத்தல் மட்டும் இருந்தது. என் மனைவி அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. அவளுடைய தம்பி, என் மச்சான், கப்பலில் சமையல்காரர்; விடுமுறையில் வந்தவர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். இந்த நிலையில் நான் எங்கே டவுனில் உட்கார்ந்து படம் பார்ப்பது? அதோடு, பார்க்கத் தேவையில்லை என்றும் நினைத்தேன். கதைதான் வீட்டிலேயே இருந்ததே!

மச்சான் முந்தைய பயணத்தில் ஜப்பான் துறைமுகம் ஒன்றிலிருந்து தீபாவளி மலர் கனத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்து என் மகள் மைமூனிடம் கொடுத்திருந்தார். மைமூனுக்குப் பதின்மூன்று வயது. எழுத்து ஒன்றுகூடப் புரியாது. ஆனால் படம் பேசியது. அவள் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கதையைக் கண்டுபிடித்தாள். முதல் பக்கத்தில் சமாதி. பிறகு ஒற்றைக்கைப் பெண் மலையும் ஆறும் தாண்டிப் போகிறாள். நடுவில் ஒரு கோயில் முன்னால் கண்மூடிக் கும்பிடுகிறாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கை வந்துவிடுகிறது. வரம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டோம். தம்பியும் எழுந்து வருகிறான். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் வீட்டில் சோறு தின்கிறார்கள். செத்தவர் பிழைத்து வருவதும் போன உறுப்பு திரும்ப வருவதும் நம்மூர் கூத்தில் பார்க்காததா? எங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை.

முதலாளி அந்தப் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்தபோது மைமூன்தான் புத்தகத்தை எடுத்துவந்து, அட்டையில் உள்ள எழுத்தையும் போஸ்டரில் உள்ள எழுத்தையும் கோடு கோடாகப் பொருத்திக் காட்டினாள். அதே கதை. அதே பெண், சட்டையில் அதே கொக்கு முத்திரை.

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் மைமூன் தம்பியின் காதோரம் குனிந்து அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அந்தத் தம்பி எழுந்து வந்து சோறு தின்னுச்சாம்டா. நீயும் எழுந்து வருவ, இன்னா?” என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சாயங்காலம் அவளையும் கொட்டகைக்குக் கூட்டிவந்தேன். பெண்கள் பக்கத்தில், மணலில், முதல் வரிசையில் உட்காரவைத்தேன். மடியில் அந்தப் புத்தகம்.

அந்த நிலையில்தான் திரையில் அந்தப் பையன் முதல் ரீலிலேயே சோறு தின்றான்.

முதல் ரீலில் நான் உளறினேன். “இது அக்காவின் கனவு” என்றேன். கனவு முடியாமல் நீண்டுகொண்டே போயிற்று. அதற்குமேல் சமாளிக்கவிடாமல் படமே என் காலை வாரியது.

புத்தகத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒட்டிய கன்னம், பசித்த கண். படத்தில் நடித்தவருக்குக் கன்னம் பூரியாக இருந்தது. சேற்றில் விழுந்து எழுந்தாலும் பவுடர் கலையவில்லை. புத்தகத்தில் ஓநாய் ஒன்று வரும். அது வருகிற பக்கத்தைத் திருப்ப மைமூன் பயப்படுவாள். படத்தில் ஒரு நாய்க்கு ரோமத் தோல் போர்த்தி விட்டிருந்தார்கள்.

“டேய், ஓநாயி வால ஆட்டுதுடா! பிஸ்கோத்து போடுங்கடா அதுக்கு!”

பிறகு சண்டை. அவளுடைய இடது கை வெட்டுப்படுகிறது. அடுத்த காட்சியில் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக் கட்டி மேலே சட்டை போட்டிருக்கிறார்கள் என்பது தரை டிக்கெட்டுக்கே தெரிந்தது.

“கை முதுவுல புடைச்சிக்கினு கீதுபா! அவுத்துவுடுங்கபா பாவம், மரத்துப் பூடும்!”

அழுவதற்கென்று வந்த பெண்கள் பக்கமும் சிரித்தது. எங்கள் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற அவ்வப்போது இடைவேளை விடுவோம். அந்த இடைவேளைக்கு விளக்கு போட்டதும் முதலாளி ஆபரேட்டர் அறைக்குள் பாய்ந்து வந்தார்.

“இன்னா பாய் இது? பொம்பளைங்க அழுவணும்னு முந்தானைய முடிஞ்சிக்கினு வந்துகீறாங்க. நீ சர்க்கஸ் காட்டிக்கினு கீற?”

“எம்மேல தப்பு இல்ல மொதலாளி,” என்றார் ஆபரேட்டர். “நம்பர் பாத்துதான் மாட்னேன். ரீலு கரெக்ட்டு. இவரு கததான் ராங்கு.”

அப்போது மைமூன் கதவண்டை வந்து நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. முதலாளியைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். நேராக அல்ல, குப்புறத் திருப்பி.

“அத்தா, இத ஓதுற மாதிரி திருப்பணும்.”

“இன்னா சொல்ற?”

“ஓதுற கிதாபு மாதிரித்தா. இந்தப் பக்கத்துலேர்ந்து. பாருங்களேன்.”

எங்கள் வழக்கப்படி கடைசிப் பக்கமாக இருந்ததை அவள் முதல் பக்கமாகத் திறந்தாள். குடும்பம் சோறு தின்கிறது. தம்பி கிண்ணத்தில் அக்கா சோறு போடுகிறாள். திரையில் பார்த்த அதே காட்சி. கட்டங்களையும் வலமிருந்து இடமாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனாள். கோயில் வந்தது. கும்பிட்டவளுக்கு அடுத்த பக்கத்தில் கை போயிற்று. நாங்கள் வரம் என்று நினைத்த இடம்!

விடியற்காலையில் எழுந்து குர்ஆனை வலமிருந்து இடமாக ஓதுகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் நான்கு பேருக்கும் இது தோன்றவில்லை. கிதாபு வேறு, படக்கதை என்றால் வாரப் பத்திரிகை மாதிரித்தான் என்று மனசு முடிவு கட்டியிருந்தது. அதை உடைத்து யோசித்தவள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். அந்த நிலையிலும் எனக்கு நெஞ்சு நிறைந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஒரு கணந்தான். பிறகு அவள் கை கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றது. பனி. சமாதி.

“அப்ப தம்பி...” என்றாள். எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை.

முதலாளிக்கு விஷயம் புரிய நேரம் ஆகவில்லை. வியாபாரி. உடனே வழியும் கண்டுபிடித்துவிட்டார்.

“இதுக்கா மூஞ்சி தொங்கிப் பூட்ட? கடசி ரீலு முடிஞ்சதும் மொத ரீல இன்னொரு தபா ஓட்டு. பையன் பொழச்சி வந்து சோறு துன்றான்னு சொல்லு. ஜப்பான்காரன் வந்து கேக்கப் போறானா? எல்லாம் கண்ணத் தொடச்சிக்கினு வூட்டுக்குப் பூடும்.”

ஆபரேட்டர் தலையாட்டினார். செய்துவிடக்கூடிய காரியம். அவள் கை திரும்ப வந்ததற்குக் கோயில் இருக்கவே இருக்கிறது. சரி என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அது முதலாளிக்காக வரவில்லை. கூட்டத்துக்குப் பயந்தும் வரவில்லை. என் பையன் அங்கே கண்மூடிக் கிடக்கும்போது, இங்கே மைக்கில் ஒரு தம்பி செத்தான் என்று என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் அங்கே ஏதாவது ஆகிவிடும் என்று பட்டது. படித்தவன்தான், ஆனாலும் பட்டது. என் மகள் முன்னால் அந்தப் பையன் எழுந்துவந்து சோறு தின்னட்டும், அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரட்டும், போதும் என்றிருந்தது.

மைமூன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொன்னா அவங்கள்லாம் நம்புவாங்கத்தா,” என்றாள். “எனக்குத் தெரியும்ல?”

கூட்டத்தில் ஒருத்திக்குத் தெரிந்த பொய்யை மைக்கில் எப்படிச் சொல்வது? அதுவும் அந்த ஒருத்தி இவளாக இருக்கும்போது?

“வேணாம் மொதலாளி,” என்றேன். “உள்ளது உள்ளபடி ஓடட்டும்.”

“கொட்டாய கொளுத்திட்டானுங்கன்னா?”

“மைக்கு எங்கையில கீது. நான் பாத்துக்கறேன்.”

தைரியமாகச் சொல்லிவிட்டேன். கீற்றுக் கூரை, மூங்கில் கால், நூற்றுக்கணக்கில் ஜனம், அதில் என் மகள். விளக்கை அணைக்குமுன் மைக்கை எடுத்தேன்.

“தாய்மார்களே, பெரியோர்களே. தப்பு ஆபரேட்டர் மேல் இல்லை, என் மேல். இந்தக் கதை புத்தகமாக என்னிடம் இருக்கிறது. ஜப்பான்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து படிக்கிறவர்கள். நான் இடப்பக்கத்திலிருந்து படித்துவிட்டேன். முடிவை முதல் என்றும், முதலை முடிவு என்றும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.”

பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்.

“ஏன் பாய், நீ தலகீயா படிச்சதுக்கு நாங்க தலகீயா நின்னு பாக்கணுமா?”

கொட்டகை அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சூடு தணிந்தது. அது அடங்கியதும் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நின்று கேட்டார்.

“அப்போ அந்தப் புள்ள பொழைக்காதா பாய்?”

என் பையனைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் மைக் கனத்தது.

“பொழைக்காதும்மா.”

அவர் முந்தானையை இழுத்துச் சொருகினார். “சரி, அத மின்னாடியே சொல்றதுதான? தெரிஞ்சா மனசக் கெட்டியாக்கிக்கினு பாப்பம்ல. ஓட்டு.”

உட்கார்ந்துவிட்டார். கூட்டமும் உட்கார்ந்தது. கல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நம் ஜனங்களை நம்பலாம் என்பதை அன்றைக்கு அந்த அம்மாளிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பேசிய விதம் மாறிவிட்டது. மைமூன் என் பக்கத்திலேயே நின்று, புரொஜெக்டர் வெளிச்சம் கசிகிற ஓட்டையண்டை புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். படம் சறுக்கிய இடத்தில் நான் முட்டுக்கொடுக்கவில்லை. “இங்கே கையைப் பின்னால் கட்டியிருப்பது உங்களுக்கே தெரிகிறது. புத்தகத்தில் வெறும் சட்டைக்கை மட்டும் காற்றில் ஆடும். அதை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்” என்றேன். ஆறு வந்தது. புத்தகத்தில் அவள் ஆற்றைத் தாண்டுவதற்கு நான்கு பக்கம். பேச்சே கிடையாது, பனியில் காலடித் தடம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். படத்தில் மேளம் முழங்க ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். “இந்த இடத்தில் அவள் ரொம்ப நேரம் நடந்தாள்” என்று மட்டும் சொன்னேன். முதுகுக் கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தின் குறை என்ன என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். பணம் போதவில்லை, நாய் சரியில்லை என்பதெல்லாம் சின்ன விஷயம். வரைந்தவர் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்த இடம் எல்லாவற்றையும் படமெடுத்தவர் நிரப்பிவிட்டார். ஓசையில்லாத பக்கத்தில் மேளம் வைத்தார். முகம் திரும்பியிருந்த பக்கத்தில் கண்ணீர் வைத்தார். கதையில் இருந்ததை ஒன்றுவிடாமல் எடுத்தார். இல்லாததை எடுக்க அவருக்குத் தெரியவில்லை. அதையே தானே நானும் அத்தனை வருஷம் மைக்கில் செய்துகொண்டிருந்தேன்! ஒரு நொடி சும்மா இருந்தால் முதலாளி கேட்பார் என்று பேசிக்கொண்டே இருப்பேன். நீங்களும் வாய் அசைகிற இடத்திலெல்லாம் சொல் போடப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் விடுங்கள்.

கடைசி ரீல். தம்பி சாகிற காட்சி. படத்தில் அதை நீட்டினார்கள். சிவப்புச் சாயம், கதறல், மேளம், மறுபடி கதறல். அந்தப் பையன் நடுவில் ஒருமுறை கேமராவைப் பார்த்தான். என்னால் பார்க்க முடியவில்லை. மைக்கைத் தாழ்த்தினேன். ஆபரேட்டரிடம் சவுண்டைக் குறைக்கும்படி கையைக் காட்டினேன். அவர் குறைத்தார். திரையில் வாய்கள் அசைந்தன. மெஷின் சத்தம் மட்டும் ஓடியது.

மைமூன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். நான் தடுக்கவில்லை.

“புக்குல இந்த எடத்துல யாரும் அழல,” என்றாள். சின்னக் குரல், கொட்டகையின் கோடிவரை கேட்டது. “தம்பியோட செருப்பு மட்டும் ஆத்தங்கரையில கீது. வைக்கோல் செருப்பு. ஒண்ணு நேரா, ஒண்ணு கவுந்து. அக்கா அந்தக் கவுந்தத எடுத்து நேரா வைக்கிறா. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.”

மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எத்தனையோ வசனம் பேசியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அந்த நாலு வரிக்கு விழுந்த அமைதி எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஒரு விசில் இல்லை. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தன் தம்பி பிழைப்பானா என்று தெரியாத ஒரு பெண், வேறொரு தம்பியின் சாவை ஓர் ஊருக்கே தவறாமல் எடுத்துச் சொன்னாள். அவளுக்கு நான் தகப்பன். இதைவிடப் பெரிய விருது எனக்கு யார் கொடுக்க முடியும்?

திரையில் சமாதியும் பனியும் வந்தபோது, ஆபரேட்டர் அறைக்குப் பக்கத்துப் படுதா விலகியது.

மச்சான். ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளில் அவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை. ஆட்டம் முடியும்வரை காத்திருக்காமல் உள்ளே வருகிறார் என்றால்? வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது, முகம் தெரியவில்லை. மைமூன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மைக் இன்னும் என் கையில் இருந்தது, அணைக்கவில்லை. இன்றைக்கும் எங்காவது ஒரு திரைச்சீலை சட்டென்று விலகினால் எனக்குள் அந்த இடம்தான் வருகிறது.

அவருக்கு மூச்சு வாங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது மைக் வழியாகக் கொட்டகை முழுக்கக் கேட்டது.

“மச்சான், காதர் கண்ணத் தொறந்துட்டான். சோறு கேக்குறான். அக்காதான் போடணுமாம்.”